ஆறு அங்குலம் லூஸ்

ஆய்க்குடி,
8.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான், அம்மா, இரண்டு தையல் மெஷின் எல்லாரும் சுகம். வீடியோ போனில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் நான் "ம்" மட்டும் சொன்னேன் என்று அம்மா ஏசினாள். உங்கள் பின்னால் கட்டிலில் ஆறு பேர் உட்கார்ந்து பார்த்தால் நான் என்ன பேச? அதனால்தான் ஷார்ஜாவுக்குத் திரும்பும் சலீம் அண்ணனிடம் இந்தக் கடிதம்.

குற்றாலம் சாலையில் கிதிர் முகம்மது சார் வில்வித்தை சொல்லிக்கொடுக்கிறார். அங்கே அம்பைத் தடுக்கிற திரை தைத்துக் கொடுக்கப் போனேன். சும்மா ஒரு அம்பு விடச் சொன்னார். நடுவில் பட்டுவிட்டது. இப்போது தினமும் போகிறேன். இந்த விளையாட்டில் யாரோடும் பேச வேண்டாம் அப்பா, அதுவே எனக்குப் பிடித்திருக்கிறது.

செப்டம்பர் 14 மாவட்டத் தேர்வு. சொந்த வில் வேண்டுமாம். காம்பவுண்ட் வில் என்று, முனைகளில் சக்கரம் வைத்தது. நாணை இழுத்தால் ஓர் இடத்தில் நின்றுவிடும். அந்த இடம் தாடைக்கு நேராக வர வேண்டும். இரண்டு கையையும் விரித்து, விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து, இரண்டரையால் வகுத்தால் அந்த இழுக்கிற நீளம் வரும். வகுத்தல் எனக்கு ஒன்பதாம் வகுப்போடு போய்விட்டது. சார் டேப்பை எடுத்ததும் வெட்கப்பட்டு ஓடி வந்துவிட்டேன். வீட்டில் அம்மா அளந்து 63 அங்குலம் என்று எழுதித் தந்தாள். முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

உங்கள் சுகந்தி

ஷார்ஜா,
4.7.2025

என் செல்ல மகள் சுகந்திக்கு,

உன் கடிதத்தை அறையில் எல்லாரும் படித்துவிட்டார்கள். ஜெபசிங் மாமா இரண்டு தடவை படித்தார். கோபப்படாதே.

வில் வாங்கியாச்சு. கறுப்பு நிறம். கடைக்காரர் அளவு கேட்டார். அறுபத்து மூன்று என்று சொல்ல வாயெடுத்தேன். வளருகிற பிள்ளையாச்சே என்று தோன்றியது. ஒன்றாம் வகுப்பில் வாங்கின செருப்பை மூன்றாம் வகுப்பு வரை போட்டவள்தானே நீ? நாலு கூட்டி அறுபத்தேழு என்று சொல்லிவிட்டேன். கல்யாணம் வரைக்கும் தாங்கும்.

சலீமின் தம்பி கொண்டுவருவான். பெட்டியில் தைலமும் இருக்கிறது. அது அம்மா முழங்காலுக்கு, வில்லுக்கு இல்லை.

அப்பா சுந்தரபாண்டி

ஆய்க்குடி,
10.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வில் ரொம்ப அழகு. தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. அடுத்த வரியை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது.

வில் எனக்குச் சேரவில்லை.

நாண் நிற்கிற இடம் காதைத் தாண்டிப் போகிறது. முதல் நாளே சார், சரியாக இருக்கிறதா என்று கேட்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றதால் தலையாட்டிவிட்டேன். அப்படியே மூன்று வாரம் ஓட்டினேன். நாண் அடித்து இடது கை பட்டை பட்டையாகச் சிவந்தது. அம்மா படர்தாமரை என்று களிம்பு போட்டாள். பாதி அம்பு பக்கத்துத் தோப்புக்குப் போனது. ஒன்று தேங்காயில் குத்தி நின்றது. தோப்புக்காரர் வந்து, தேங்காய் பறிக்க மரத்துக்கு எவ்வளவு கூலி என்று கேட்டார்.

கடைசியில் சார் என் பக்கத்திலேயே வந்து நின்று பார்த்தார். "ஏட்டி, நீ அம்பு விடுதியா, காது குடையுதியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வில்லைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

சார் என்னைச் சுவரோடு நிறுத்தி, விரல் நுனிகளில் சாக்பீஸ் கோடு போட்டு அளந்தார். 61 தான். அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"அளவை அப்படியேவா எழுதுவாங்க? ரெண்டு இஞ்சு பிடிச்சு வைக்க வேண்டாமாட்டி? நாளைக்குப் பத்தலன்னா என்ன செய்வ?"

வில்லைப் பிரித்துத் தைக்க முடியாது என்றேன். "அப்பம்னா தச்சவன் சரியில்ல" என்று சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

இழுக்கிற பாரத்தைக் குறைக்கலாமாம். நீளத்தை இந்த வில்லில் இருபத்தேழுக்குக் கீழே இறக்க முடியாதாம். 61ஐ வகுத்தால் எனக்கு வேண்டியது இருபத்து நாலரை.

அப்பா, எனக்குப் பதினேழு வயது. இரண்டு வருஷமாக நான் வளரவில்லை. சலீம் அண்ணன் தம்பியிடமே வில்லைத் திருப்பி அனுப்புகிறேன், அதோடு ஒரு நூல் வைத்திருக்கிறேன். இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை என் கை. அதில் லூஸ் விடவில்லை. நீங்களும் விடாதீர்கள். மாற்றித் தரமாட்டார்கள் என்றால் சொல்லிவிடுங்கள், அடுத்த வருஷம் பார்க்கிறேன்.

உங்கள் சுகந்தி

ஷார்ஜா,
30.8.2025

சுகந்திக்கு,

நூலைக் கடை மேசையில் நீட்டிப் போட்டேன். கடைக்காரர் அளந்தார். அறுபத்தொன்று. நம்பாமல் இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், மாற்றித் தந்தார். இது சின்ன வில், சிவப்பு. ஒரு அங்குலமாவது கூட்டிக் கேட்போமா என்று வாய் திறந்தேன். ஜெபசிங் என் காலை மிதித்துவிட்டான்.

நூலை நான் வைத்துக்கொண்டேன். கட்டிலுக்கு மேலே இரண்டு ஆணி அடித்துக் கட்டியிருக்கிறேன். ஐந்து வருஷமாக உனக்கு வாங்கி அனுப்பின சட்டையெல்லாம் எப்படி இருந்தது? உண்மையைச் சொல்.

அப்பா

ஆய்க்குடி,
14.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்றாவதாக வந்தேன். முதல் நாலு பேர் மாநிலப் போட்டிக்குப் போகிறோம். நாண் சரியாகத் தாடையில் வந்து நின்றது. பேர் கேட்டார்கள். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனாலும் சொன்னேன்.

சட்டைகளைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்றை அம்மா போட்டுக்கொள்கிறாள். அவளுக்கு ரொம்பச் சரியாக இருக்கிறது. மிச்சம் இரண்டையும் பிரித்து வில்லுக்கு உறை தைத்தேன். உறை இரண்டு அங்குலம் பெரிது. அளந்தது அம்மா.

உங்கள் சுகந்தி