திங்கட்கிழமை போவீர்கள்தானே, அம்மா?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். கம்போங் ராஜா விடுதியில் நான் நலம். மலை ஏறும்போது உங்களுக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதா?

நேற்றுப் பள்ளியில் பட்டிமன்றம். நாட்டில் எல்லாருக்கும் உடல்நலக் காப்புறுதி வேண்டுமா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ‘வேண்டாம்’ அணி விழுந்தது. "மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தால் தோட்டத்துக் குடும்பங்கள் தாங்குமா? அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்கே பார்க்கிறார்களே!" என்றேன். கைதட்டினார்கள்.

எதிரணி அதீரா எழுந்து, "ஒங்கம்மா கடைசியா எப்ப கிளினிக்குக்குப் போனாங்க? சொல்லு லா!" என்றாள்.

அப்போது ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் மெல்ல உள்ளே வந்தது. எதிரே இருந்த முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. தேயிலைச் சரிவில் நீங்கள் மட்டும் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "ஒரு நாள் போனா அன்னைக்குக் கூலி போச்சே" என்று நீங்கள் சொல்வது கேட்டது. அதற்கு இரண்டு அணியிலும் பதில் இல்லை, அம்மா.

"வர்ற திங்கக்கிழமை போறாங்க" என்று சொல்லிவிட்டேன். மண்டபமே சிரித்தது.

அதனால்தான் இதைக் காய்கறி லோரியில் அவசரமாகக் கொடுத்தனுப்புகிறேன். அப்பா வரும்போது உங்கள் சால்வையைக் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

லோரி கிளம்புகிறது. செவ்வாய்க்கிழமை காலையில் அதீரா கேட்பாள்.

உங்கள் மகள்,
ரூபினி