பூண்டுத் தண்ணீர்

பிலோமின்,

நீ காலைப் பூசைக்குப் போயிருக்கிறாய். நான் வாய்க்கால் துறைக்கு அரிசி மூட்டை இறக்கக் கிளம்புகிறேன். சாவி வழக்கமான இடத்தில் இருக்கிறது. சோறு வடித்து வைத்திருக்கிறேன், புட்டியில் இருக்கிற மீன்சாற்றை ஊற்றிச் சாப்பிடு. குழம்பு இல்லை. வீட்டிலிருந்த பூண்டையெல்லாம் நீ கோழிக்கு அரைத்துவிட்டாய்.

மாடியில் இன்றும் இரண்டு பிராய்லர் செத்துக் கிடந்தன. "சீக்கு வந்துடுச்சு, இன்னும் பூண்டு போடணும்" என்று நேற்று அழுதாய், நானும் கத்தினேன். சீக்கு இல்லை, தாகம். நீ பூண்டு கரைத்து வைத்த தண்ணீர் அப்படியே இருக்கிறது. பாத்திரம் நிறைந்திருப்பதைப் பார்த்து நீ நிம்மதியாக இருந்திருக்கிறாய். நானே ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், தொண்டை எரிந்தது. தகரக் கூரை வெக்கையில் கோழி அதை எப்படிக் குடிக்கும்?

மருந்துக்கடைப் பொடி வேண்டாம் என்றாய், சரி என்றேன். பூண்டையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மஞ்சளோடு சேர்த்துத் தவிட்டில் கொஞ்சமாகப் பிசறு. தண்ணீர் வெறும் தண்ணீராக இருக்கட்டும். பாத்திரத்தைக் கழுவி மாற்றிவிட்டேன், ஆனாலும் பயந்துகொண்டு கிட்டே வரமாட்டேன் என்கின்றன. நீ பக்கத்தில் உட்கார்ந்து அலகை நனைத்துவிடு. உன் கையென்றால் வரும்.

லெயோன்

கோழி வாங்க வருகிற அம்மாவிடம் இன்று விற்பனை இல்லை என்று சொல்.

இன்னொன்று. அவை குடிக்க ஆரம்பித்ததும் என் சிவப்புத் துண்டை மாடிக் கொடியில் போடு. துறையிலிருந்து நம் மாடி தெரியும். என்மேல் கோபமாக இருந்தாலும் போடு.