சிவப்புக் கோட்டுக்குப் பெட்டி இல்லை

1989 ஜூலை 10, திங்கள்
காலையிலிருந்து சாரல். குடை மறந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தாயிற்று. மதுரைக்காரர் ஒருவர் சொல்லித் தந்தார். திரையிலேயே பெட்டி பெட்டியாக வரைய வேண்டும். மேலே தலைப்பு, எத்தனை எழுத்து அகலம், அவ்வளவுதான், அட்டவணை தயார். புரோகிராம் எழுத வேண்டாம். பழைய நோயாளி அட்டைகளில் அச்சடித்த தலைப்புகளைப் பார்த்து நானே வரைந்துவிட்டேன். பெயர், ஊர், வயது, நோய், மருந்து. பெருமைதான்.

12, புதன்
இரண்டு பெண்கள் டைப் செய்கிறார்கள். மேனேஜருக்கு ஒரே பறப்பு. குற்றாலம் சீசன், அருவியில் வழுக்கி விழுந்தவர்களுக்குக் கட்டில் போட அட்டை அறை வேண்டுமாம். டைப் ஆன அட்டைகளை அன்றன்றே பழைய பேப்பருக்குப் போடச் சொல்லிவிட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

14, வெள்ளி
கமலம் சிஸ்டர் திரையைப் பார்த்தார். "ஏட்டி, செவப்புக் கோடு எங்கன இருக்கு?"
பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களின் அட்டை மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. இங்கே அதுதான் வழக்கம். அதற்குத் தலைப்பு கிடையாது, அதனால் நான் பெட்டி வரையவில்லை. மடச்சி. இரண்டு மூட்டை அட்டை ஏற்கெனவே சுரண்டை பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது.
மேனேஜர்: "ஊசி போடும்போது அவங்களே சொல்லுவாங்கல்லா? எதுக்கு இந்தக் கூப்பாடு?"
எந்த ஊசி என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

15, சனி
சுரண்டை பஸ். நின்றுகொண்டே. செருப்பு வார் அறுந்தது. பேப்பர் கடை அண்ணாச்சி: "ஒரு மூட்டை கெடக்கு, எடுத்துக்கோங்க. இன்னொண்ணு நேத்தே லாரில ஏத்தியாச்சுல்லா."

17, திங்கள்
புதுப்பெட்டி வரைந்தேன்: பென்சிலின். ஒரு நிமிட வேலை. கோடு இருந்தால் 'கூடாது'. கோடு இல்லாவிட்டால் 'போடலாம்'. லாரியில் அட்டை போனவர்களுக்கு 'தெரியாது'.
மேனேஜர் கத்தல். "வரிசையா தெரியாது, தெரியாதுன்னு இருந்தா டாக்டர் என்னைய என்ன நெனப்பாரு? எல்லாத்துக்கும் போடலாம்னு மாத்து."
ஆளைக் கொல்லுகிற யோசனை. லாரியில் அட்டை போனவர்கள் பெயரைத் திரையில் ஒவ்வொன்றாக ஓட்டினேன். மேனேஜர் மனைவி பெயரும் இருந்தது. அங்கே நிறுத்தினேன்.
"உங்க வீட்டு அக்காவுக்கும் போடலாம்னே மாத்திரட்டுமா சார்?"
மனுஷன் குரலை இறக்கினார்: "அவளுக்கு மட்டும் தெரியாதுன்னு இருக்கட்டும்."
அவளுக்கு மட்டுமாம்! ஒருவருக்கும் மாற்றவில்லை. வேலையை விட்டு நிறுத்தினால் நிறுத்தட்டும்.