மேல் அறையைச் சேர்ப்பதா, விடுவதா?

இரண்டு நாளாக வீடெல்லாம் தூசி கருகும் மணம். பழைய மின்சார ஹீட்டரை எடுத்துப் போட்டிருக்கிறேன். வீட்டைச் சூடாக்க நீங்கள் வாங்கிப் பூட்டிய ஹீட் பம்ப் நின்றுபோனது. இங்கே எல்லிங்ஸ்ருட்டில் வெளியே மைனஸ் பதினாறு பாகை. நீங்கள் இருந்திருந்தால் முதலில் குளிரைத் திட்டிவிட்டு, பிறகுதான் தொப்பியைத் தேடியிருப்பீர்கள்.

அந்தப் பம்பை வாங்கிய நாளில், எங்கள் வீட்டுக்குச் சின்னது போதும் என்றார் கடைக்காரர். நீங்கள் விட்டால்தானே. "சனம் வந்து போற வீடு. உலையிலை ஒரு சுண்டு அரிசி கூடுதலாப் போடுறேல்லையோ?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஆகப் பெரியதைக் காட்டினீர்கள். சனம் கூடினால் வீடு தானாகவே சூடாகும் என்று அவர் சிரித்தார். விளங்காத மாதிரி நின்றீர்கள்.

வீட்டுக்கு மிஞ்சிய அளவு என்பதால், குளிர் குறைந்த நாட்களில் அது ஐந்து நிமிடம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அப்படி நின்று நின்று ஓடித்தான் தேய்ந்துவிட்டது என்றாள், நேற்றுப் பம்பைப் பார்க்க வந்த பெண்.

புதியதற்காக அறை அறையாக அளந்துகொண்டு போனவள், மேலே உங்கள் அறை வாசலில் நின்றாள். "இதைப் பாவிக்கிறீர்களா?" என்று கேட்டாள். இதையும் சேர்த்தால் பெரியது வேண்டுமாம். விட்டால் சின்னது போதும், கதவைச் சாத்தி வைக்கலாமாம். முப்பது வருடமாக நோர்வேஜிய மொழி கதைக்கிற எனக்கு வந்ததெல்லாம், மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்பதுதான்.

மகளைக் கேட்டேன். "அங்கை ஒருத்தரும் இல்லைத்தானே அம்மா. சின்னதைப் போடுங்கோ," என்றாள். அவள் சொன்னது சரி. சரியென்று தெரிந்தும் கோபம் வந்தது.

கடைசி மாதங்களில் அந்த அறைக் கட்டிலில் இருந்து, "இஞ்சாரும், கால் குளிருது," என்று என்னைக் கூப்பிடுவீர்கள். எவ்வளவு தேய்த்தாலும் சூடேறாது. போர்வைக்கு மேல் போர்வை போட்டுவிட்டு, செய்ய வேறொன்றும் தெரியாமல் பக்கத்தில் இருப்பேன். இனி எவ்வளவு பெரியதை வாங்கினாலும் உங்களுக்கு உதவாது. அது எனக்குத் தெரியாதா?

நாளைக்குள் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும். கதவைச் சாத்திப் பார்ப்போம் என்று இன்று மேலே போனேன். உங்களிடம் ஒரு சொல் கேட்காமல் இந்த வீட்டில் நான் எதையும் செய்ததில்லை. கைப்பிடியில் கை வைத்தபடி, "இஞ்சாருங்கோ, சாத்தட்டோ?" என்று கேட்டேன்.

நீங்கள் ஓம் என்று சொல்லவில்லை. நான் எப்படிச் சாத்துவேன்?