குறைந்த மின்சாரம் அரை மணி நேரம் வேண்டி

அனுப்புநர்:
பெ. காசிவிஸ்வநாதன்,
மேலத் தெரு, கானாடுகாத்தான்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின் விநியோகப் பிரிவு அலுவலகம்.

பொருள்: எங்கள் வீட்டு இணைப்புக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை மட்டும், அரை மணி நேரம், பழைய கம்பியிலிருந்து மின்சாரம் தர வேண்டுதல் சம்பந்தமாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மின்சாரம் குறைவாக வருகிறது என்றுதான் தங்களுக்கு மனுக்கள் வரும். என் மனு, அது சரியாக வருவதைப் பற்றியது. சென்ற வாரம் தங்கள் அலுவலகத்தில் நேரில் வந்து சொன்னபோது எழுத்தர் சிரித்துவிட்டார். அவர்மேல் குறையில்லை, கேட்பவருக்குச் சிரிப்புதான் வரும். தாங்கள் மட்டும் தயவுசெய்து கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

1. எங்களுக்கு ஒரே மகள், தேனம்மை. பினாங்கில் கட்டிக்கொடுத்திருந்தோம். கடிதம் எழுதச் சோம்பல்படுவாள். அதனால் மாப்பிள்ளை வீட்டு டேப் ரிக்கார்டரில் அரை மணி நேரம் பேசி, அந்தச் சுருளைத் தன் கையாலேயே சுற்றித் தபாலில் அனுப்பினாள். சுருள் கப்பலில் வந்துகொண்டிருக்கும்போதே தந்தி வந்துவிட்டது. பிரசவத்தில் தாயும் பிள்ளையும் இல்லை என்று இருந்தது. சுருள் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

2. அகாலமாகப் போனவர்கள் கடைசியாகக் கைபட அனுப்பிய பொருளை, தலைத்திவசத்துக்குப் பின் எங்கள் வீட்டில் வைத்திருப்பதில்லை. சேதுக் கடலில் விட்டுவிடுவது வழக்கம். பெரியவர்கள் அதில் விட்டுக்கொடுக்கவில்லை. பொருளைத்தானே கேட்கிறார்கள், குரலைக் கேட்கவில்லையே என்று நினைத்து, அதற்குள் ஒரு நகல் எடுத்துவிடத் தீர்மானித்தேன். பங்காளி வயிரவன் பினாங்கிலிருந்து கொண்டுவந்த, பேட்டரியில் ஓடும் சிறிய கருவியில் மகளின் சுருளை ஓடவிட்டு, எங்கள் வீட்டில் மின்சாரத்தில் ஓடும் பெரிய கருவியில் அதைப் பதிவு செய்தோம். நல்ல காரியம் என்பதால் வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் நேரம் பார்த்துச் செய்தோம். உடனே போட்டும் கேட்டோம். அவள் குரல் அப்படியே இருந்தது. மூலச் சுருளைக் கடலில் விட்டேன். வயிரவனும் கருவியோடு கப்பலேறிவிட்டார்.

3. அன்றுமுதல் வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் என் மனைவி சிட்டாள் அந்த நகலைக் கேட்பாள். வேறு நாளில், வேறு வேளையில் அதைத் தொடமாட்டாள். தங்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில்தான் ஊரே விளக்குப் போடும், மானகிரிப் பக்கத்து மோட்டார்களும் ஓடும். எங்கள் தெரு கம்பியின் கடைசியில் இருப்பதால் பல்புக்குள் இழை சிவப்பாகத் தெரியுமே தவிர வெளிச்சம் இருக்காது. இதைப் பற்றித் தெருவார் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

4. அந்த மனுவை ஏற்று, சென்ற ஐப்பசியில் புதிய மின்மாற்றி வைத்துக் கொடுத்தீர்கள். தெருவே பகல்போல் ஆனது. அந்த வெள்ளிக்கிழமை சிட்டாள் கருவியைப் போட்டாள். யாரோ ஒரு சிறுபிள்ளை கீச்சுக் குரலில் படபடவென்று பேசியது. “இது யாரு வீட்டுப் பிள்ளை பேசுது? என் மக இப்படிக் கத்துவாளா? என்னமோ மாத்திப் போட்டுட்டீக” என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். எனக்கும் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

5. கருவிதான் கெட்டுவிட்டது என்று காரைக்குடியிலிருந்து ரேடியோக்காரர் செம்மலையை அழைத்துவந்தேன். ரப்பர் பட்டையை மாற்றினார். நாடா உரசும் இடத்தைச் சுத்தம் செய்தார். சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். வேறு சுருளைப் போட்டுப் பார்த்தால் பாட்டு ஒழுங்காக வருகிறது, எங்கள் மகள் மட்டும் ஒழுங்காக வரவில்லை. இரண்டு பேரும் மாறி மாறி யோசித்தும் பிடிபடவில்லை.

6. கார்த்திகை மழையில் புதிய மின்மாற்றி பழுதாகி, ஒரு வெள்ளிக்கிழமை மாலை மட்டும் பழைய கம்பியிலிருந்து எங்கள் தெருவுக்கு மின்சாரம் கொடுத்தீர்கள். விளக்குகள் மங்கின. தெருவில் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டிருக்க, சிட்டாள் ஏதோ தோன்றிப்போய்க் கருவியைப் போட்டிருக்கிறாள். “இங்குட்டு ஓடியாங்க, அவ வந்துட்டா” என்று கூப்பிட்டாள். ஓடினேன். “அப்பச்சி, நல்லாருக்கீகளா? ஆத்தாவைச் சத்தம் போடாதீக” என்று என் மகள் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தாள். மறுநாள் மின்மாற்றி சரியாகிவிட்டது. குரல் மறுபடியும் கெட்டுவிட்டது.

7. காரணம் அப்போதுதான் விளங்கியது. நகல் எடுத்த அன்று மின்சாரம் குறைவு, அதனால் எங்கள் கருவி மெதுவாக ஓடி மெதுவாகவே பதிவு செய்திருக்கிறது. கேட்டுப் பார்த்ததும் அதே குறைந்த மின்சாரத்தில் என்பதால் குறை தெரியவில்லை. இப்போது முழு மின்சாரத்தில் கருவி சரியான வேகத்தில் ஓடுகிறது, என் மகள் அவசரப்படுகிறாள். செம்மலை ஒரு பல்பை இடையில் இணைத்து மின்சாரத்தைக் குறைத்துப் பார்த்தார். மோட்டார் ஒருமுறை திணறி ஒருமுறை ஓடி, குரல் அழுவதுபோல் நடுங்கியது. சிட்டாள் காதைப் பொத்திக்கொண்டாள். அதோடு அந்த முயற்சியை விட்டுவிட்டோம்.

8. புதிய மின்மாற்றியை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தெருவில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வயிரவன் இப்போது மறுபடியும் ஊருக்கு வந்திருக்கிறார், பேட்டரிக் கருவியும் அவரோடு வந்திருக்கிறது. அன்று மழையில் செய்ததுபோல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பழைய கம்பியிலிருந்து எங்கள் வீட்டுக்கு மட்டும் மின்சாரம் தந்தால், பெரிய கருவியில் அவள் சரியாகப் பேசுவாள். அதைப் பேட்டரிக் கருவியில் பதிவு செய்துகொள்வோம். அதன்பின் மின்சாரம் கூடினாலும் குறைந்தாலும் அவள் குரல் மாறாது. தங்களை மறுமுறை தொந்தரவு செய்யவும் மாட்டேன். வயிரவன் மாசியில் திரும்பிப் போகிறார், இனி எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

9. என் மனைவி இப்போதும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுக் கருவியின் முன்னால் உட்காருகிறாள், ஆனால் போடுவதில்லை. ஏன் என்று கேட்டேன். குரல் கெட்டதுகூடப் பெரிதில்லை என்கிறாள். முன்பு அரை மணி நேரம் முழுக்க இருந்துவிட்டு, “சரி ஆத்தா, போயிட்டு வாரேன்” என்று சொல்லுவாளாம். இப்போது அதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டுப் போய்விடுகிறாளாம். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் ஐயா, தங்களிடம் திருப்பிக் கேட்கிறேன்.

ஆகவே, மாசி பிறப்பதற்குள் தங்களுக்கு வசதிப்படும் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்து, மேற்படி ஏற்பாட்டுக்கு உத்தரவிடுமாறு என் மனைவியின் சார்பிலும் என் சார்பிலும் கைகூப்பி வேண்டுகிறேன்.

இடம்: கானாடுகாத்தான்
நாள்: 22-1-1974

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
பெ. காசிவிஸ்வநாதன்
(தேனம்மையின் தகப்பன்)