தண்டவாளம் எடுத்த பாதை

நவ. 3, திங்கள்

விடிய விடிய மழை. காலையில் வெறித்தது. தடித்த ஸ்கெட்ச் பேனா, கோடு போடாத நோட்டு. பெரிதாய் எழுதினால்தான் எனக்கே தெரிகிறது. ஒரு பக்கத்துக்கு நாலைந்து வரிதான் பிடிக்கிறது. ஆகவே சுருக்கமாக.

செய்ய: உளுந்து ஊறப்போட. மிக்சி மூடி தேட. செருப்பு வார் தைக்கக் கொடுக்க.

நேற்று புன்னக்காயலில் கல்லறைத் திருநாள். அப்பா, அம்மா கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் திரும்பினேன். பக்கத்துக் கல்லறையின் விளிம்பு தெரியவில்லை. விழுந்தேன். யாரோ வரிசையாக ஏற்றி வைத்த திரிகள் எல்லாம் சரிந்தன. முந்தானையில் மெழுகு. சுற்றி நின்றவர்கள் ஒருவரும் திட்டவில்லை. "பாவம்" என்றார்கள். திட்டியிருக்கலாம்.

அண்ணன் அங்கேயே சொல்லிவிட்டான். வருகிற ஞாயிறு வேன் கொண்டு வருகிறானாம். தூத்துக்குடியில் அவன் வீட்டுக் கீழறை எனக்கு. அண்ணி கட்டில்கூடப் போட்டுவிட்டாளாம். வருகிறாயா என்று கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சண்டை போடக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டேன். பஸ்ஸில் அம்பாசமுத்திரம் வரை பதில் யோசித்துக்கொண்டே வந்தேன். நல்ல பதில்கள் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்த பிறகுதான் வந்தன.

கண் எப்படி இருக்கிறது என்றால், குழாய்க்குள் இருந்து பார்ப்பது மாதிரி. நடுவில் ஒரு சின்ன வட்டம். சுற்றிலும் ஒன்றுமில்லை. எதிரே வருகிறவர் முகத்தைப் பார்த்தால் என் கால் எங்கே வைக்கிறேன் என்று தெரியாது. வட்டம் சுருங்கிக்கொண்டே போகும் என்கிறார் பாளையங்கோட்டை டாக்டர். எப்போது மூடும் என்பதைச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

மழை விட்டதும் ரயில் பாதைக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால்தான். அணை கட்டின காலத்தில் குவாரியிலிருந்து கல் கொண்டுவரப் போட்ட சின்ன ரயில். அணை எழும்பியதும் வண்டியை நிறுத்திவிட்டார்கள். தண்டவாளம் மட்டும் நீர்த்தேக்கத்தை ஒட்டியே மலையடிவாரம் வரை கிடக்கிறது. இரண்டு இரும்புக்கும் நடுவில் நடந்தால் எனக்கு வழி தப்பாது. ஓரம் போனால் கையிலிருக்கும் கம்பு இரும்பில் தட்டும். உள்ளே வந்துவிடலாம். போகும்போது தண்ணீர் இடது பக்கம். திரும்பும்போது வலது.

பஜாரில் நடந்தால் ஆளாளுக்குக் கையைப் பிடிக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் நான் போகவேண்டாத பஸ்ஸில்கூட ஏற்றிவிட்டார்கள். இந்தப் பாதையில் யாரும் தொடுவதில்லை. என் வீட்டுக்காரர் சேவியர் இறந்த பிறகு, யார் கையையும் பிடிக்காமல் நான் போய் வருகிற ஒரே இடம்.

குவாரி வரை போனேன். கொக்குகள், சத்தம் மட்டும். இடுப்பு வலி இல்லை.


நவ. 4, செவ்வாய்

தூறல். மிக்சி மூடி அரிசிப் பானைக்குள் இருந்தது. யார் வைத்தது? நான்தான்.

பேச்சியம்மாள் வந்தாள். அடுத்த வீடு, ஆடு வளர்க்கிறாள். (இனி பே. என்று எழுதுவேன். பேனா மை தீர்கிறது.) முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். உட்காராமல் நின்றாள். அவள் நின்றால் ஏதோ சேதி இருக்கிறது என்று அர்த்தம்.

"யக்கா, நாளைலேர்ந்து அங்கன போவாதிய. தண்டவாளத்த அறுத்து எடுக்கப் போறாவளாம். ஏலம் விட்டாச்சாம்."

யார் சொன்னது, எப்போது விட்டார்கள், எதற்கு என்று அடுக்கினேன். அவளுக்குத் தெரியவில்லை. டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம். பழைய இரும்புக்கு லாரி வந்து நிற்கிறதாம்.

கீரையை உருவிக்கொண்டே இருந்தேன். காம்பையும் சேர்த்து உருவிவிட்டேன்.

மாலை டியூஷன் பிள்ளைகள். அங்கன்வாடி வேலையைக் கண்ணுக்காக விட்ட பிறகு இது. வாய்ப்பாடும் இங்கிலீஷும் வாயாலேயே நடத்துகிறேன். அதற்குக் கண் எதற்கு. இன்று எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். ஒன்பதாம் வாய்ப்பாட்டை நானே தப்பாகச் சொன்னேன். பிள்ளைகள் சிரிக்காமல் இருந்தது இன்னும் எரிச்சல்.


நவ. 5, புதன்

வெயில். போகாதே என்றால் போகாமல் இருக்க முடியவில்லை.

பாதை தொடங்கும் இடத்திலேயே கேஸ் கட்டர் நாற்றம். இரும்பு விழுகிற சத்தம், தரை அதிர்ந்தது. ஓர் ஆள் ஓடிவந்து முன்னால் நின்றார். ஏலம் எடுத்தவருடைய மேஸ்திரியாம். வட்டத்துக்குள் அவருடைய மீசை மட்டும் தெரிந்தது, நரைத்தது.

"நில்லுங்கம்மா. வேலை நடக்குல்லா. கண்ணு தெரியாதா?"

கொஞ்சம் தெரியும் என்றேன்.

"வீட்டுல ஆளு இல்லியா, கூட்டிட்டு வர?"

மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் தாங்கவில்லை. நான் ஆள்தான், நானே என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்றேன்.  அவர் பொறுமையாக விளக்கினார். முறைப்படி ஏலம் எடுத்த வேலை, அணைப் பக்கமிருந்து குவாரி வரை எல்லாம் எடுத்தாக வேண்டும், மழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டும். அவர் மேல் என்ன தப்பு. இரும்பு என்னுடையதில்லை. நான் நடந்தது மட்டும்தான் என்னுடையது.

இதை எழுதி யாரிடமாவது கொடுக்கலாமா என்று யோசித்தேன். எழுதினால் என்ன எழுதுவது? கண் தெரியாத ஒருத்தி நடப்பதற்காகத் தண்டவாளத்தை விட்டுவையுங்கள் என்றா? பாவம் என்பார்கள். அந்த வார்த்தையை நானே கேட்டு வாங்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து சோறு பொங்கவில்லை. வறட்டு ரொட்டி, டீ. அழவில்லை என்பதைக் குறித்து வைக்கிறேன்.


நவ. 6, வியாழன்

முழங்கால் வீக்கம். தாடையில் வெட்டு.  இருந்தாலும் எழுதுகிறேன்.

இரும்பு எடுத்த இடத்தில் நடந்து பார்த்தேன். வேலை குவாரிப் பக்கம் நகர்ந்துவிட்டது. இங்கே ஆளில்லை. கம்பைத் தட்டினேன். தட்ட ஒன்றுமில்லை. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த கட்டைகளைப் பிடுங்கின குழிகளில் மழைத்தண்ணீர். கொஞ்ச தூரம் போனேன், நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தேன். நினைத்ததும் விழுந்தேன்.

கம்பு கையிலிருந்து போய்விட்டது. எழுந்தபோது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன் என்று தெரியவில்லை. வட்டத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். புல், கல், வானம். தண்ணீர் சத்தம் மிகப் பக்கத்தில். அணை நிறைந்து கிடக்கிறது. கரை சரிவு. ஓர் அடி தப்பாக வைத்தால் சேவியரிடம் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் சேவியர் மேலேயே கோபம் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது போன் அடித்தது. அண்ணன். அவனுக்கென்று வைத்த மாதா பாட்டு. எடுக்கவில்லை. எடுத்திருந்தால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை வேன் இன்றைக்கே வந்திருக்கும். பாட்டு முடிகிறவரை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு நின்றதும் தூரத்தில் இரும்பு விழுகிற சத்தம் கேட்டது. வேலை நடப்பது குவாரிப் பக்கம். அப்படியென்றால் அதற்கு எதிர்ப் பக்கம் வீடு. தவழ்ந்து கம்பைத் தேடினேன். கிடைத்தது. சத்தத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

என் கண்ணால் வரவில்லை. யார் தயவாலும் வரவில்லை. நானேதான் யோசித்து வந்தேன்.


நவ. 7, வெள்ளி

மேகமூட்டம். பே. மஞ்சள் பத்துப் போட்டாள். திட்டிக்கொண்டே போட்டாள். இதமாக இருந்தது, திட்டு.

பத்துப் போட்டு முடித்துவிட்டு, அண்ணன் கூப்பிட்டால் போனால்தான் என்ன என்றாள். "அங்க மூணு நேரமும் சோறு தட்டுல வரும்லா. இங்கன கிடந்து எதுக்கு யக்கா இடுப்ப ஒடிக்குதிய?"

நான் நிதானமாகச் சொன்னேன். தட்டில் சோறு வரும், பேச்சி. அப்புறம் தண்ணீரும் தட்டுக்குப் பக்கத்தில் வரும். அப்புறம் கக்கூஸுக்குப் போகும்போது ஒருத்தர் கூட வருவார். கண் இன்னும் முழுசாக மூடவில்லை. அதற்கு முன்னால் காலை மூடச் சொல்கிறார்கள். கண் மூடுகிற அன்றைக்கு நடக்கத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது பழகாவிட்டால் எப்போது?

 அவள் போய் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து, சரி வாங்க, கையைப் பிடிச்சிட்டு வாரேன் என்றாள். வேண்டாம், பின்னால் வா, தொடாதே, தண்ணீருக்குள் விழப்போனால் மட்டும் கத்து என்றேன்.

போனோம். பாதி தூரம். அவள் நடுவில் என் முழங்கையைப் பிடித்துவிட்டாள். உதறினேன். மறுபடி பிடித்தாள். மறுபடி உதறினேன். பிறகு ஆட்டுச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் தானே பிடித்துக்கொண்டு வருகிறாள். ஆடு அவள் சேலையை மெல்லுகிறது. இரண்டு பேரும் சிரித்தோம். தாடை வெட்டு விரிந்து வலித்தது.

கண்டுகொண்டது: இரும்பு போனாலும் ஜல்லி இருக்கிறது. நடுவில் மேடு, செருப்புக்கடியில் நொறுநொறுவென்று. ஓரத்தில் புல், மெத்தென்று. தண்ணீர்ப் பக்கம் களிமண், வழுக்கும். குழி வருமுன் ஜல்லி தளர்ந்து கிடக்கிறது. பைய வைத்தால் கால் சொல்லிவிடுகிறது. கம்பைத் தட்டக் கூடாது. தரையில் இழுக்க வேண்டும். இத்தனை நாள் இரும்பை நம்பிக் காலைச் சும்மா வைத்திருந்தேன்.

மெல்லிசான செருப்பு வாங்க வேண்டும்.


நவ. 8, சனி

மழை வரும்போல. வரட்டும்.

தனியாகப் போனேன். குவாரி வரை. ஒரு தடவை புல்லில் ஏறினேன், நின்றேன், ஜல்லியைத் தேடி வந்தேன். விழவில்லை.

கடைசியில் வேலையாட்கள். கட்டர் நின்றது. எல்லோரும் பேச்சை நிறுத்தியது தெரிந்தது. மீசைக்கார மேஸ்திரி என்ன சொல்வாரோ என்று தோளை நிமிர்த்திக்கொண்டேன்.

"இடது பக்கம் அறுத்த தண்டவாளத் துண்டு அடுக்கிக் கிடக்கு. வலது ஓரமா வாங்க" என்றார். அவ்வளவுதான். கையைப் பிடிக்க வரவில்லை. டீ வேண்டுமா என்று கேட்டார். குடித்தேன். இனிப்பு அதிகம்.

மழை திரும்பும்போது பிடித்தது. மழைச் சத்தத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்காது. ஜல்லி மட்டும்தான். நனைந்து வந்து சேர்ந்தேன். தும்மல். மிளகு ரசம்.

நாளை அண்ணன்.


நவ. 9, ஞாயிறு

வந்தான். வேன், கயிறு, காலி அட்டைப்பெட்டிகள், அண்ணி. அண்ணி மீன் குழம்பு கொண்டுவந்திருந்தாள், ஊளி மீன். தாடையைப் பார்த்ததும் அண்ணன் முகம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

வரவில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். அண்ணி அழுதாள். அண்ணன் பெட்டியை விரித்து டேப் ஒட்ட ஆரம்பித்தான். நான் சொல்வது காதில் விழாத மாதிரி. நான் அந்தப் பெட்டியை எடுத்து வாசல் திண்டில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தேன். நசுங்கிப் போனது. ஐம்பது வயதில் செய்கிற காரியமா. செய்தேன்.

அப்படி என்ன பாதை, காட்டு என்றான். கூட்டிப்போனேன். நான் முன்னால், அவன் பின்னால். நன்றாக நடந்தேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. பார்த்துவிட்டால் ஒத்துக்கொள்வான் என்று நினைத்தேன். நேர்மாறாக ஆயிற்று. சரிவு வந்ததும் என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டான். 

"ஏளா, எவ்வளவு ஆழம்னு தெரியுமா உனக்கு? இந்தத் தண்ணி ஓரத்துலயா தனியா நடக்குத? நாளைக்கு நீ மிதந்தா நான் என்ன செய்வேன்?"

அவன் தோளில் ஓர் அடி வைக்கலாம்போல இருந்தது. ஆனால் பாவம் என்று சொல்லவில்லை அவன். பயப்பட்டான். பயம் வேறு. அதற்குப் பதில் சொல்லலாம்.

சொன்னேன். அவன் துறைமுக வேலைக்குப் போகுமுன் வள்ளத்தில் கடலுக்குப் போனவன். ஒரு தடவை புயலில் வள்ளம் சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை. அம்மா மணலில் கிடந்தாள், சாப்பிடவில்லை. அவன் திரும்பி வந்தான். அடுத்த வாரமே வலையைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனான். அம்மா என்ன செய்தாள்? போகாதே என்றாளா?

"அது தொழிலு" என்றான்.

"இது என் காலு, அண்ணே. அம்மா உன்ன வீட்டுல பூட்டி வைக்கல. கஞ்சி கட்டிக் குடுத்தா. நீயும் அதச் செய். அதுக்கு மேல செய்யாத."

தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு எடுத்தான். திரும்பும்போது பின்னால் வந்தான். அவன் செருப்பு அடிக்கடி புல்லில் ஏறியது. நான் சொல்லவில்லை.

 சாப்பிடும்போது அண்ணி மட்டும் பேசினாள், பக்கத்துக் கடை தேங்காய் விலையைப் பற்றி. புறப்படும்போது அட்டைப்பெட்டிகளை மடித்து வேனில் போட்டான். சரி என்று சொல்லவில்லை. கோபமாகத்தான் போனான். வேன் சத்தம் வளைவு தாண்டும் வரை நின்றேன். 

தப்பு செய்துவிட்டேனா? இல்லை. இருந்தாலும் அழுதேன். குறித்து வைக்கிறேன்.


நவ. 10, திங்கள்

வானம் மப்பு. துணி காயவில்லை.

காலையில் போய் வந்தேன். லாரி கடைசி இரும்பையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஆள் சத்தமே இல்லை.

மாலை போன் அடித்தது. அண்ணன். எடுப்பதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம். எடுத்தேன்.   துறைமுகத்து லாரிகளின் ஹாரன் கேட்டது.

பிறகு, இன்றைக்கும் போனாயா என்றான். போனேன் என்றேன்.

"தண்ணி ஏறிருக்கா?"

கொஞ்சம் ஏறியிருக்கிறது, பாதைக்கு வரவில்லை என்றேன்.

"காத்து?"

கொண்டல், கிழக்கேயிருந்து, பலமில்லை என்றேன். ம் என்றான். கடலுக்குப் போகிறவனிடம் கரையில் நிற்கிறவர்கள் இப்படித்தான் கேட்பார்கள்.

"வாடை திரும்புனா அன்னிக்கி மட்டும் இறங்காத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

டியூஷன் பிள்ளைகள் கேட்டைத் தட்டுகிறார்கள்.