இடது மரை

1986 மார்ச் 12, புதன்
காற்று. மழை வரும்போல் இருந்து வரவில்லை. ரகு வீட்டில்தான், எண்ணெய் கம்பெனி வேலை போய் ஆறு வாரம். ஒருவர் காலில் ஒருவர் இடறிக்கொண்டு.

கார்லின் கொட்டகைக்குப் போனேன். விமானம் தயார். முதல் உலகப் போர்க் காலத்துப் பிரெஞ்சுச் சண்டை விமானம், இரட்டை இறக்கை. அன்று ஒன்றே ஒன்று செய்து பார்த்தார்கள், ராணுவம் வேண்டாமென்றது. பழைய வரைபடங்களை வைத்து கார்ல் அதையே மறுபடி கட்டியிருக்கிறார். வயது அறுபத்தெட்டு, வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டியவர். பிரெஞ்சுக் குறிப்புகளை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது நான். பாண்டிச்சேரி கான்வென்ட் பிரெஞ்சு. சனிக்கிழமை காலை அவரே பறக்கப்போகிறார்.

வாங்க: பால், வெங்காயம், நித்யாவுக்கு ஷூ.

மார்ச் 14, வெள்ளி
சாயங்காலம் ரகு, மகள் நித்யாவின் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருந்தார்.
"அப்பா, யூ ஆர் பிரேக்கிங் இட்."
"இல்லடி. லெஃப்ட் பெடல் மட்டும் இடது மரை. உல்டாவாத் திருப்பணும்."
கரண்டியோடு நின்றுவிட்டேன். கார்லின் வரைபடங்களில் தாள் 22. இறக்கைக் கம்பியை இறுக்கும் திருகு. பக்கத்தில் 'பா ஆ கோஷ்'. 'ஆ கோஷ்' இடப்பக்கம், 'பா' என்றால் 'இல்லை'. 'இடப்பக்கம் இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அகராதியைப் பார்த்தேன். 'பா' என்றால் திருகின் மரையும்தான். இடது மரைத் திருகு. கார்ல் இடது இறக்கையில் திருகே வைக்கவில்லை. கம்பி இறுகாமல் பறந்தால் இறக்கை தாங்காது. "இதனால்தான் யாரும் வாங்கவில்லை போல" என்று அன்றைக்குச் சிரித்தார்.

போன் எடுக்கவில்லை. நாலு தடவை. அவர் வீடு எங்கே என்றும் தெரியாது.
ரகு: "காலைல மொத வேலையா போயிடலாம். சாப்பிடு." சாப்பிடவில்லை.

மார்ச் 15, சனி
ஆறரைக்கே ஃப்ரீவே. பனிமூட்டம். கொட்டகை முன்னால் இருபது பேர், மடக்கு நாற்காலிகள், டோனட். கார்ல் ஏறி உட்கார்ந்தாயிற்று. இஞ்சின் இன்னும் கிளப்பவில்லை. கீழே நின்று சொன்னேன்.  தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.
இறங்கினார். இடது கம்பியை விரலால் அழுத்தினார். தளர்ந்து உள்ளே போயிற்று. எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.
காரில் ரகு: "சொல்லிட்டல்ல. விடு."

மார்ச் 17, திங்கள்
வெயில். வாசலில் கார்ல், நாற்பத்தொரு தாளையும் சுருட்டிக்கொண்டு. நான் முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டுமாம். வேறு யாரிடமாவது கொடுக்கலாமே என்றேன். "வேறு யாரையும் எனக்குத் தெரியாது" என்றார். காபி வேண்டாமென்று போய்விட்டார். கோபமா, தெரியவில்லை.

மார்ச் 19, புதன்
பதினாலு தாள் முடிந்தது. அளவுகளைச் சரிபார்க்க ரகுவும் உட்கார்ந்தார். ஒன்பதாம் தாளில் வால் கம்பியின் நீளம் உதைத்தது. மூன்று தடவை கூட்டிப் பார்த்தார்.
"இது உன் தப்பில்ல. வரைஞ்சவனே தப்பா போட்டிருக்கான்."